ஓடக்காரிக்குப் பட்டாபிஷேகம்

பதுளை, கடைவீதி
12 ஆகஸ்ட் 1923

பூவம்மாவுக்கு,

அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம்: "அந்தப் புத்தகத்தை நான்தான் கொடுத்தேன், அண்ணா."

கடைக்கும் வீட்டுக்கும் நடுவே தொங்கும் துணித்திரைக்குப் பின்னால் நின்றிருந்தேன். நீ இரண்டு தடவை அந்தப் பக்கம் பார்த்தாய். நீ திருப்பிக் கொண்டுவந்த முதல் பாகத்தை அண்ணன் பிரித்து, அட்டையில் சந்தனம், முதல் பக்கத்தில் குங்குமம், நடுவில் காய்ந்த துளசி என்று ஒவ்வொன்றாகக் காட்டி, "இது என் கடைச் சரக்கு. மடுல்சீமைக்கு எப்படிப் போச்சு?" என்று கேட்டார். நீ, "நான்தாங்க எடுத்துட்டுப் போனேன்" என்றாய். "தோட்டத்து லயத்துக்குப் போன புத்தகம் அடுப்பு மூட்டத்தான் ஆகும்னு நெனச்சேன். பொட்டு வெக்கவும் ஆகுது போல" என்றார் அவர். சேலை பார்க்க வந்த பெண்கள் சிரித்தார்கள். அப்போதும் நான் திரையை விலக்கவில்லை.

ஏன் என்று கேட்பாய். சென்னையிலிருந்து துணி மூட்டைகளோடு வரும் புத்தகக் கட்டுகளைப் பிரித்து அடுக்குவது என் வேலை. அடுக்குகிற சாக்கில் படித்துவிடுவேன். புத்தகத்தின் முதுகு மடியாமல், பாதி திறந்த கதவுக்குள் எட்டிப் பார்ப்பதுபோலப் பார்த்துப் படிப்பேன். இது அண்ணனுக்குத் தெரியாது. தெரிந்தால் அந்த வேலை கடை ஆளுக்குப் போய்விடும். எனக்கு வாசிக்கப் பருப்புப் பொட்டலம் கட்டிய காகிதம்தான் மிஞ்சும். அந்தப் பயத்தில் உன்னைத் திருடியாக்கிவிட்டேன். எழுதிப் பார்க்கும்போது இன்னும் அசிங்கமாக இருக்கிறது.

நீ 'பூட்டறியாத் தீவு' இரண்டாம் பாகத்துக்காகத்தான் அவ்வளவு தூரம் இறங்கி வந்தாய் என்று தெரியும். அதை அண்ணன் கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். சாவி அவர் இடுப்பில். ஆகவே யாரும் தேடாத மூன்று புத்தகங்களை உங்கள் தோட்டத்துத் தபால்காரர் அழகையாவிடம் கொடுத்தனுப்புகிறேன்: ஒரு ராஜாவின் சரித்திரம், கரையான் தொட்ட பஞ்சாங்கம், காய்கறித் தோட்டக் கையேடு ஒன்று.

படித்துப் பார்த்தால் உனக்கும் வேடிக்கையாக இருக்கும். மூன்றும் ஒரே சங்கதியைத்தான் சொல்லுகின்றன. பொற்காலம் எழுநூறு வருஷத்துக்கு முன்னால் முடிந்துவிட்டது என்கிறார் சரித்திரக்காரர். வருகிற தை முதல் என்கிறார் பஞ்சாங்கக்காரர். எலுமிச்சை நட்ட மூன்றாம் வருஷம் என்கிறது கையேடு. நம் நாவல்காரருக்கு அது கடலுக்கு அப்பால். இங்கே கடைவீதியில் ரயில் வந்தவுடன் என்கிறார்கள். இன்றைக்கு என்று யாரும் சொல்லக் காணோம்.

கோபத்தோடாவது பதில் எழுது.

சந்திரகாந்தி

*

மடுல்சீமை
2 செப்டம்பர் 1923

சந்திரகாந்திக்கு,

புத்தகங்கள் வந்தன. கோபம் போகவில்லை. இரண்டும் வேறு வேறு.

திரைக்குக் கீழே உன் கால் தெரிந்தது. கொலுசு சத்தம் போடக்கூடாதென்று அசையாமல் நின்றாய். பள்ளிக்கூடத்தில் நானும் நீயும் ஒரே பெஞ்சில் ஐந்து வருஷம் உட்கார்ந்திருக்கிறோம். அப்போதெல்லாம் உன்னால் ஐந்து நிமிஷம் அசையாமல் இருக்க முடிந்ததில்லை.

குங்குமம் எப்படி வந்தது என்று உன் அண்ணனும் கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை. சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் அந்தக் கதையை வாசித்தேன். முதல் வாரம் நாலு பேர் வந்தார்கள். மூன்றாம் வாரம் நாற்பது பேர். ஒருத்தியும் அன்றைக்கு வீட்டில் கருவாடு சமைப்பதில்லை. குளித்துவிட்டு வருகிறார்கள், புத்தகத்துக்குப் பூ வைக்கிறார்கள். "இது புராணம் இல்ல, ஒருத்தர் உக்காந்து கட்டுன கதை" என்று சொல்லிப் பார்த்தேன். பெரியாயி என்று ஒருத்தி இருக்கிறாள். தேயிலைக் கொழுந்தெடுக்கிறதில் முதல் ஆள், பேச்சிலும் முதல் ஆள். அவள், "உக்காந்து கட்டாத கதை எது இருக்கு, வாத்தியாரம்மா? நின்னுக்கிட்டா கட்டுனாக?" என்றாள்.

இப்போது சங்கடம் எங்கே என்றால், கதாநாயகன் கமலவதனன் ஏறின ஓடம் தீவுக்கரையில் முட்டுகிற இடத்தில் முதல் பாகம் முடிந்துபோகிறது. வாசிக்க ஆரம்பித்த புராணத்தைப் பாதியில் விடக்கூடாது, கடைசி நாள் பட்டாபிஷேகம் வாசித்து, அவலும் வெல்லமும் வைத்துத் தேங்காய் உடைத்துத்தான் புத்தகத்தை மூட வேண்டும் என்பது இவர்கள் வழக்கம். உனக்கும் தெரியும். பட்டாபிஷேகம் எப்போது என்று லயம் முழுக்கக் கேட்கிறது.

இதில் எனக்கு என்ன என்கிறாயா? எங்கள் வீட்டுக்காரர் பாடம் நடத்தும் தோட்டப் பள்ளிக்கூடத்தில் பதினெட்டுப் பையன்கள் இருக்கிறார்கள். பெண் பிள்ளை ஒன்றுகூட இல்லை. ஒரு வருஷமாக லயத்து வீடுகளில் காம்பரா காம்பராவாக ஏறி இறங்கிக் கேட்டுவிட்டேன். போன மாசம் பெரியாயியே வந்து சொன்னாள்: "கதை முடிஞ்சு பட்டாபிஷேகம் ஆகட்டும். அன்னைக்கே என் மக நல்லம்மாவோட சேத்து ஏழு பொட்டப்புள்ளைகளுக்கும் அரிசியில எழுத வெச்சிரு. முடியலேன்னா, எழுத்து நமக்கு ஒத்துக்கலேன்னு விட்டுருவோம்." விஜயதசமிக்கு அடுத்த ஞாயிறு, அக்டோபர் இருபத்தொன்று என்று நாளும் குறித்துவிட்டார்கள்.

எனக்கு இரண்டாம் பாகம் வேண்டும். இல்லாவிட்டால், நீதான் படித்திருப்பாயே, முடிவையாவது எழுதி அனுப்பு.

கையேட்டை வாசித்துக் காட்டினேன். இவர்களுக்கு மற்ற இரண்டையும்விட அதுதான் பிடித்தது. "எலுமிச்சங்கன்னுக்காரர் சொல்றத நம்பலாம். நட்டுப் பாத்து, காய்க்கலேன்னா வையலாம். ராசாவ எங்க போய் வைய?" என்றாள் பெரியாயி.

பூவம்மா

*

பதுளை
23 செப்டம்பர் 1923

பூவம்மாவுக்கு,

உன் கடிதத்தை நாலு முறை வாசித்தேன். கொலுசைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

சாவிக்கு இரண்டு தடவை முயன்றேன். அண்ணன் குளிக்கும்போதும் அதை அரைஞாணில் கட்டிக்கொண்டுதான் குளிக்கிறார். மத்தியானம் தூங்கும்போது பக்கத்தில் போனேன்; கண்ணைத் திறக்காமலே "என்ன வேணும்?" என்றார். "மோர் வேணுமான்னு கேக்க வந்தேன்" என்றேன். வேண்டும் என்று சொல்லிவிட்டார். மோர் இல்லை. உறை ஊற்றாத பாலைத்தான் கடைந்து பார்த்தேன். அலுமாரிக் கண்ணாடிக்குள் இரண்டாம் பாகத்தின் பச்சை முதுகு தெரிகிறது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டேதான் விளக்கு ஏற்றுகிறேன்.

முடிவை எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை. சாவி கிடைத்துவிடும், புத்தகமே வந்துவிடும், நீயே வாசித்துக்கொள்வாய் என்று இருக்கிறேன்.

சந்திரகாந்தி

*

மடுல்சீமை
30 செப்டம்பர் 1923

சந்திரகாந்திக்கு,

மறுபடியும் திரைக்குப் பின்னால் போய் நிற்கிறாய். முடிவு நன்றாக இல்லை, அதனால்தான் எழுதவில்லை. சரியா?

இன்னும் மூன்று ஞாயிறு.

பூவம்மா

*

பதுளை
8 அக்டோபர் 1923

பூவம்மாவுக்கு,

சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை, கடையில் ஆள் இருக்கும்போதே திரையை விலக்கிக்கொண்டு போனேன். அண்ணன் அடுத்த கடை ஜாபிர் நானாவுக்குச் சாரத்துணி அளந்துகொண்டிருந்தார். "அண்ணா, அந்தப் புத்தகத்தப் பூவம்மாவுக்கு நான்தான் குடுத்தேன். அவ எடுக்கல" என்றேன். அண்ணனுக்கு எண்ணிக்கை தவறிப்போயிற்று. ஜாபிர் நானா துணியைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி இன்னும் ரெண்டு வார்த்தை சொல்லுங்க, எனக்கு இன்னும் ஒரு முழம் கூட வரும்" என்றார்.

அவர் போனபிறகு அண்ணன் கேட்டார்: "நீயும் படிச்சியா அத?"

"கடையில இருக்குற எல்லாத்தையும்."

"பஞ்சாங்கத்தையுமா?"

"ரெண்டு தடவ."

அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கோபம் வரப்போகிறது என்று காத்திருந்தேன். வந்தது, ஆனால் வேறு பக்கத்திலிருந்து. தகரக் கொட்டகையையும் நாற்பது பேரையும் பற்றிச் சொன்னதும், "நாவலுக்கா பட்டாபிஷேகம்? யாராச்சும் சொல்லிக் குடுக்க வேணாமா?" என்று எழுந்தார். கடையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு நின்று, "நைவேத்தியம் என்ன வெக்கிறாங்க?" என்றார்.

"அவலும் வெல்லமும்னு எழுதியிருக்கா."

"வெறும் அவலா?"

கற்கண்டு, திராட்சை வற்றல், ஒரு டப்பாக் கற்பூரம் எல்லாம் அழகையாவிடம் வருகின்றன. கற்கண்டை நிறுத்தபிறகும் ஒரு கை அள்ளிப் போட்டார். உன்னிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லி என்னிடம் சொல்லவில்லை. அவருக்கு அந்த வழக்கம் இல்லை. அந்த ஒரு கைதான் அது என்று எடுத்துக்கொள். முதல் பாகமும் கூட வருகிறது. "அவங்க பொட்டு வெச்சது. அவங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார்.

இனி மோசமான செய்தி. "சாவியக் குடுங்க, அண்ணா" என்றேன். "எதுக்கு? ரெண்டாம் பாகம் போன மாசமே போச்சே. ரயில் பாதை வேலைக்கு வந்த ஓவர்சியர் ஒருத்தர் வாங்கிட்டுப் போயிட்டார்" என்றார். நான் ஒரு மாதமாகப் பார்த்துப் பார்த்து விளக்கேற்றிய பச்சை முதுகு, மாட்டு வைத்திய நூல்.

ஆகவே முடிவை நான்தான் எழுத வேண்டும். எழுதுகிறேன்.

கமலவதனன் தீவில் இறங்குகிறான். வீடுகளுக்குக் கதவு உண்டு, தாழ்ப்பாள் இல்லை. ஒன்பது அத்தியாயம் எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள். பத்தாவதில் அவன் பக்கத்து வீட்டு முத்து ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறான். தீவுக்காரர்கள் அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை. கூடிப் பேசி, ஒரு கொல்லனை உட்கார்த்தி, முதல் பூட்டைச் செய்கிறார்கள். அவனை ஓடத்தில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். கடைசிப் பக்கத்தில் அவன் தஞ்சாவூரில் ஒரு புளிய மரத்தடியில் கண் விழிக்கிறான். எல்லாம் கனவு.

அவ்வளவுதான். பட்டாபிஷேகம் கிடையாது. அந்தப் புத்தகத்தை மூடியபோது நானே அதை அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து வைக்க நினைத்தேன். ஏழு பிள்ளைகள் முதல் எழுத்து எழுதுகிற நாளில் இதை எப்படி வாசிப்பாய் என்று தெரியாமல்தான் எழுதாமல் இருந்தேன். அது ஒரு காரணமே இல்லை என்று இப்போது தெரிகிறது. நீ எதை வாசித்தாய் என்று நான் கேட்கமாட்டேன்.

சந்திரகாந்தி

*

மடுல்சீமை
22 அக்டோபர் 1923

அன்புள்ள சந்திரகாந்திக்கு,

நீ கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்.

நேற்று விடியும்போதே மூடுபனி. பத்து மணிக்கு வெயில் வந்தது. கொட்டகைக்கு மாவிலை கட்டி, முதல் பாகத்தை மணை மேல் வைத்துப் பூப் போட்டார்கள். உன் அண்ணன் அனுப்பிய கற்கண்டைப் பார்த்துவிட்டு, "அடுப்பு மூட்டச் சொன்ன முதலாளியா இது?" என்றாள் பெரியாயி. உங்கள் கடையில் நடந்ததெல்லாம் அழகையா மூலம் லயத்துக்கு எப்போதோ வந்தாயிற்று. அவர் சுமக்கிற பை தபாலுக்கு மட்டும் இல்லை.

முடிவை மாற்றிவிடுவது என்றுதான் முதலில் இருந்தேன். கமலவதனனுக்கு மந்திரி மகளைக் கட்டிவைத்து, யானை மேல் ஏற்றி, ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன். பிறகு அதைக் கிழித்துவிட்டேன். உன்னைத் திரையிலிருந்து இழுத்து வெளியே விட்டுவிட்டு, நான் போய் அதே இடத்தில் நிற்கலாமா?

கையில் பிடிக்கப் புத்தகம் வேண்டுமே. காய்கறிக் கையேட்டைப் பிடித்து, நடுவில் உன் கடிதத்தைச் செருகிக்கொண்டேன். நீ ஒரு பக்கத்தில் எழுதியதை ஒன்றரை மணி நேரம் வாசித்தேன். சாப்பாடு, சந்தை, மழை எல்லாம் என் சரக்கு. முத்து, பூட்டு, புளிய மரம் மூன்றும் நீ எழுதியபடியே. கனவு என்றதும் நிறுத்தினேன்.

தேங்காய் உடைக்கக் கையில் வைத்திருந்தவள் அப்படியே வைத்திருந்தாள்.

"அப்புறம்?" என்றாள் பெரியாயி.

"அவ்வளவுதான். முடிஞ்சது."

"பட்டாபிஷேகம்?"

"இல்ல."

"அந்தத் திருட்டுப் பயலுக்கு வேணாம், சரி. வேற யாருக்காச்சும்?"

"யாருக்கும் இல்ல, பெரியாயி. எல்லாம் கனவுன்னு எழுதிட்டார்."

நல்லம்மா முன்வரிசையில் இருந்தாள். எட்டு வயது. "அப்ப தீவே இல்லியா?" என்று கேட்டாள். உன் நாவல்காரர் என் கையில் கிடைத்திருந்தால் அப்போதே காதைத் திருகியிருப்பேன்.

பெரியாயி எழுந்து நின்றாள். "கனவு கண்டது அவன்தான? ஓடம் வலிச்சாளே ஒருத்தி, அவளா கனவு கண்டா?"

எனக்கு விளங்கவில்லை. "மொத பாகத்த எடுத்து வாசி" என்றாள். தேடி எடுத்தேன். நாற்பத்தோராம் பக்கம். கமலவதனனை ஏற்றிப் போகிற ஓடக்காரியைப் பற்றி ஒரே வரி: துடுப்புப் பிடித்துப் பிடித்து அவள் உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. நீயும் நானும் படித்துவிட்டுத் தாண்டிப் போன வரி. இவர்கள் தாண்டவில்லை.

"கனவுல போனா கை காய்க்குமா?" என்று கேட்டு, தன் கையை விரித்து எல்லாருக்கும் காட்டினாள். "அவ தெனம் அங்க போய்ட்டு வந்திருக்கா. தீவு இருக்கு. தூங்குமூஞ்சிக்கு வழி தெரியல, அம்புட்டுத்தான்."

அதற்குப் பிறகு கொட்டகையில் ஒரே கூச்சல். ஓடக்காரிக்கே முடி சூட்டுவது என்று ஆயிற்று. அவளுக்குப் பேர் என்ன என்று கேட்டார்கள். பேர் எழுதவில்லை என்றேன். "பேருகூட வெக்காம ஓடத்துல ஏறுனானா?" என்று இன்னொரு சண்டை. அந்தப் பூட்டை என்ன செய்வது என்று வந்தபோது, ஓடத்தில் நங்கூரமாகக் கட்டிவிடலாம் என்று ஒருத்தி சொன்னாள், அதையும் ஒப்புக்கொண்டார்கள். ராணியானபிறகும் ஓடம் வலிப்பாளா என்று நல்லம்மா கேட்டாள். "வலிக்காம? மத்தவுங்க எப்படிப் போறது?" என்றாள் அவள் அம்மா.

தேங்காய் உடைந்தது. கற்பூரம் காட்டி, மாலையை நாற்பத்தோராம் பக்கத்துக்குப் போட்டார்கள். அந்தப் பக்கம் இனி உன் அண்ணன் கடைக்கு உதவாது.

தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பினேன். ஏழு பிள்ளைகள் என்று சொன்னார்கள். ஒன்பது வந்தது. கடைசியில் பெரியாயியும் உட்கார்ந்து, "எனக்கு அந்த ஓடக்காரி வர்ற வரி எதுன்னு மட்டும் காட்டு" என்றாள். விரலைப் பிடித்துக் காட்டினேன். அவள் விரலை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பொற்காலம் இன்றைக்கு என்று யாரும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாயே. நேற்று மத்தியானம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரைக்கும் இங்கே இருந்தது. மழை வந்ததும் எல்லாரும் ஓடிவிட்டோம்.

கோபம் போய்விட்டது. கொலுசை எடுத்துப் போட்டுக்கொள்.

பூவம்மா

*

பதுளை
17 பிப்ரவரி 1924

அன்புள்ள பூவம்மாவுக்கு,

ரயில் வந்துவிட்டது. ஊரே ஸ்டேஷனில் நின்றது. வாழை மரம், நாதசுரம், அண்ணன் தலையில் புதுத் தலைப்பாகை. பொற்காலம் இறங்குகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தேன். எங்களுக்கு இறங்கியது ஆறு கட்டுப் புத்தகம். இப்போது அண்ணனே கட்டைப் பிரித்து, "படிச்சிட்டுச் சொல்லு, எது விக்கும்னு" என்கிறார். முதுகு மடியப் படிக்கிறேன்.

அந்த ஓவர்சியர் வேலை முடிந்து ஊருக்குப் போகும்போது இரண்டாம் பாகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். பாதிக்கு மேல் ஓடவில்லையாம். அண்ணன் அதை என்னிடமே கொடுத்துவிட்டார். உன் அக்டோபர் கடிதத்தில் பெரியாயி எழுந்து நின்றதிலிருந்து மாலை போட்டது வரைக்கும் நல்ல எழுத்தில் பிரதி எடுத்து, புளிய மரத்துக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறேன். அனுப்பட்டுமா?

கொலுசு போட்டிருக்கிறேன்.

சந்திரகாந்தி

*

மடுல்சீமை
15 ஜூன் 1924

அன்புள்ள சந்திரகாந்திக்கு,

இரண்டாம் பாகம் பத்திரமாக வந்தது. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இங்கே ஒரு மாதமாக விடாத மழை. கொட்டகைத் தகரம் ஒன்று பறந்துவிட்டது. எலுமிச்சை நட்டிருக்கிறோம், கொட்டகைக்குப் பின்னால் மூன்று கன்று. ஒன்றை ஆடு கடித்துவிட்டது.

புத்தகத்தோடு வைத்த சீட்டில் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஒன்பது பேரில் மூன்று பேர் சித்திரையோடு நின்றுவிட்டார்கள், கொழுந்துக்குப் போகிறார்கள். ஆறு பேர் வருகிறார்கள். நல்லம்மா முதல் பாகத்தை எழுத்துக் கூட்டி வாசிக்க ஆரம்பித்து ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறாள். ஓடக்காரி வர இன்னும் முப்பத்திரண்டு பக்கம் இருக்கிறது.

பூவம்மா